ஒரு ஃபைட்டர்... ஒரு டஜன் ரூம்மேட்ஸ்!

ஃபைட்டர் மீனை மற்ற மீன்களோடு ஒரே தொட்டியில் வளர்க்கலாமா? வளர்த்து, தோற்று, திரும்ப வளர்த்த ஒரு இன்ஜினீயரிங் ரூமிலிருந்து நேரடி ரிப்போர்ட்!

"மச்சி... மாணிக்கம் சாப்பிடலடா!"

ராத்திரி ரெண்டு மணி. விடிந்தால் இன்டர்னல் டெஸ்ட். ஆனால், நாங்கள் நாலு பேரும் புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, ஒரு கண்ணாடித் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஒரு மூலையில், துடுப்பையெல்லாம் மடக்கிக்கொண்டு, தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வைத்தபடி மாணிக்கம். பத்து நாளைக்கு முன்னால் சிவப்புப் பட்டுப் பாவாடை விரித்தமாதிரி இருந்த வால், இப்போது எலி கடித்த கர்சீஃப் மாதிரி கிழிந்து கிடந்தது.

மாணிக்கம் எங்கள் ரூமின் அஞ்சாவது மெம்பர். வாடகை தர மாட்டான். குறட்டை விட மாட்டான். மெஸ் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டான். ஒரு ஃபைட்டர் மீன்.

காலையில் பார்த்தபோது அடியில் கிடந்தான். மாடிக்குப் பின்னால் இருக்கும் வாதாங்கொட்டை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு பஸ் பிடித்தோம். டெஸ்ட்டில் எவ்வளவு மார்க் என்று கேட்காதீங்க, ப்ளீஸ்!

கல்லூரி மாணவர்களின் ரூம்களில் இப்போது நிறைய மீன் தொட்டிகளைப் பார்க்க முடிகிறது. நாய், பூனைக்கு ஹவுஸ் ஓனர் ஓகே சொல்ல மாட்டார். மீனுக்கு மட்டும்தான் கிரீன் சிக்னல். அதிலும் முதல் சாய்ஸ் ஃபைட்டர்தான். விலை குறைவு, கலர் தூக்கல், பார்க்க கெத்து. அப்புறம் எல்லோருக்கும் வருகிற அடுத்த ஆசை... "தனியா இருக்கானே, நாலு மீனைக் கூட விட்டா என்ன?"

அந்த ஆசையில்தான் மாணிக்கம் போனான். உங்க ஃபைட்டருக்கு அந்தக் கதி வரக் கூடாதுன்னுதான் இந்தக் கட்டுரை!

மாணிக்கம் பாட்ஷா ஆன கதை

எங்களுக்கு முன்னால் இதே ரூமில் இருந்த சீனியர்கள் விட்டுப்போன சொத்து, ரெண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கழுவித் துடைத்து, குழாய்த் தண்ணீரை நிரப்பினோம். உடனே பக்கத்துக் கடைக்கு ஓடினோம்.

மாணிக்கம் அங்கே ஒரு பிளாஸ்டிக் டம்ளருக்குள் பரம சாதுவாக இருந்தான். நூற்றைம்பது ரூபாய். கூடவே ஆறு கப்பி, நாலு டைகர் பார்ப், ரெண்டு கோல்டு ஃபிஷ். "எல்லாத்தையும் ஒண்ணா விடலாமாண்ணே?" என்றதற்கு, "தாராளமா விடுங்க... ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, 'டேங்க் கிளீனர்' என்கிற கறுப்பு மீன் ஒன்றை ஃப்ரீயாகவே கொடுத்தார் கடைக்காரர்.

ஒரு மணி நேரத்தில் எல்லா மீனும் தொட்டிக்குள். டம்ளரில் மாணிக்கமாக இருந்தவன், தொட்டிக்குள் போன பத்தாவது நிமிஷம் பாட்ஷாவாக மாறினான்! செவுள் மூடியை விரித்துக்கொண்டு, துடுப்பைச் சிலிர்த்துக்கொண்டு ஒவ்வொரு கப்பியாகத் துரத்தினான். நாங்களோ செல்போனில் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டோம். எங்களுக்கு அது ஆக்‌ஷன் சீன். கப்பிகளுக்கு அது உயிர்ப் பிரச்னை!

ரெண்டாம் நாள், ரெண்டு கப்பிக்கு வால் இல்லை. மூன்றாம் நாள் ஆட்டம் திரும்பியது. டைகர் பார்ப்கள் கூட்டமாக வந்து மாணிக்கத்தின் வாலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தன. நாலாம் நாள் தண்ணீர் மோர் மாதிரி வெளுத்தது. கோல்டு ஃபிஷ் ரெண்டும் மேலே வந்து 'பக் பக்' என்று வாயைத் திறந்து மூடின. பதறிப்போய் மீன்களை பக்கெட்டில் விட்டுவிட்டு, கல்லு, மண்ணு, ஃபில்டர் எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றினோம். 'இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கோமே!' என்று எங்களுக்கே பெருமை.

அடுத்த அஞ்சு நாளில் ஒவ்வொன்றாகப் போய், மிஞ்சியது டேங்க் கிளீனர் மட்டும்.

அஞ்சு மார்க் கேள்வி

மாணிக்கம் செத்தது சண்டையில் என்றுதான் முதலில் நினைத்தோம். சரி, மீன் என்றால் சென்னையில் எல்லோரும் கைகாட்டுகிற கொளத்தூருக்கே போய்க் கேட்டுவிடலாம் என்று கிளம்பினோம். அங்கே சிமென்ட் தொட்டிகளில் மீன் வளர்க்கும் ஒரு பெரியவர் எங்கள் சோகக் கதையைப் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி.

"தண்ணி ஊத்தி எத்தனை நாள் கழிச்சுப்பா மீன் விட்டீங்க?"

"ஒரு மணி நேரம்ணே..."

தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் அவர் விளக்க விளக்க, எனக்குப் பொறி தட்டியது. அட, இது பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்த நைட்ரஜன் சுழற்சி! பக்காவாக மனப்பாடம் செய்து முழு மார்க் வாங்கியவன் நான். ஆனால், கண் முன்னால் ஒரு தொட்டியில் அது நடக்கும்போது எனக்குத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். மீனின் கழிவு, மிச்சமாகிற சாப்பாடு இதெல்லாம் அழுகினால் அமோனியா. மீனுக்கு அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அந்த அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இதில்தான் ஆபத்து ரொம்பக் குறைவு. வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் சமாளித்துவிடலாம். இந்த ரெண்டு பாக்டீரியாவும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்கு முன் மீனை விடுவது, செப்டிக் டேங்க் கட்டாத வீட்டில் பதினாலு பேரைக் குடிவைப்பதற்குச் சமம்!

சரி, அதுவாக வளர்ந்திருக்குமே? வளர்ந்திருக்கும். நாங்கள்தான் நாலாம் நாள் எல்லாவற்றையும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வந்த ஒன்றிரண்டையும் காலி செய்தோமே! குளோரின் போடுவதே பாக்டீரியாவைக் கொல்லத்தானே?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. தண்ணீரின் பி.ஹெச். அளவும் வெப்பமும் கூடக் கூட அமோனியாவின் விஷத்தன்மையும் கூடும். நம்ம ஊர் வெயில், காரத்தன்மை கொண்ட போர் தண்ணீர்... ரெண்டும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆக, மாணிக்கத்தைக் கொன்றது டைகர் பார்ப் மட்டும் இல்லை. நாங்களும்தான். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது யாருமே பேசவில்லை.

யார் இந்த ஃபைட்டர்?

திரும்ப வளர்ப்பது என்று முடிவெடுத்ததும், இந்த முறை ஹோம் ஒர்க்கை முதலில் முடித்தோம். தோண்டத் தோண்ட சுவாரஸ்யம்!

ஃபைட்டரின் பூர்வீகம் தாய்லாந்து. அங்கே இதன் பெயர் 'ப்ளா கட்'. அர்த்தம், 'கடிக்கிற மீன்'! சண்டைக்கோழி மாதிரி, பந்தயம் கட்டிச் சண்டை விடுவதற்காகவே இதை வளர்த்திருக்கிறார்கள். 2022-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, குறைந்தது 400 வருஷங்களாக மனிதர்கள் இதை வளர்த்துவருவதாகச் சொல்கிறது. 2019-ல் தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டது. 'பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்' என்கிற அறிவியல் பெயர் வந்தது 1910-ல். 'ஸ்ப்ளெண்டென்ஸ்' என்றால் லத்தீனில் 'பளபளப்பது'. பேர் வைத்தவருக்கு ரசனை ஜாஸ்தி!

இது வாழ்ந்த இடம் நெல் வயல்களும், செடி அடர்ந்த ஆழமில்லாத குட்டைகளும். அந்த மாதிரித் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. அதனால் செவுள் போக, தலைக்குள் 'லேபிரிந்த்' என்று ஓர் எக்ஸ்ட்ரா உறுப்பு. மேலே வந்து நேரடியாகக் காற்றை விழுங்கும். 'டம்ளர்லயே உயிரோட இருக்கு பாருங்க' என்று கடையில் விற்க முடிவது இந்த உறுப்பின் புண்ணியத்தில்தான். ஆனால், உயிரோடு இருப்பது வேறு, நல்லா இருப்பது வேறு இல்லையா? டம்ளரில் மூச்சு முட்டாது. அமோனியா சேரத்தான் செய்யும்.

சண்டை விஷயத்துக்கு வருவோம். ரெண்டு ஆண் ஃபைட்டர்கள் மோதினால் அது ஒரு மணி நேரத்தைத் தாண்டிக்கூடப் போகும். வாயோடு வாய் கவ்விக்கொள்வார்கள், காற்று குடிக்கப் பிரிவார்கள், மறுபடி மோதுவார்கள். 2020-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தபோது, சண்டை நீள நீள ரெண்டு மீன்களின் அசைவுகள் மட்டுமல்ல, மூளையில் வேலை செய்கிற மரபணுக்களும் ஒரே தாளத்துக்கு வருவதைப் பார்த்திருக்கிறார்கள். எதிரியோடு இப்படி ஒரு கெமிஸ்ட்ரி!

ஆனால், வயலில் இந்தச் சண்டைக்கு ஒரு முடிவு உண்டு. தோற்றவன் செடிக்குள் புகுந்து ஓடிவிடுவான். ஜெயித்தவன் துரத்த மாட்டான், தன் இடம் கிடைத்தால் போதும். கண்ணாடித் தொட்டியில் ஓடுவதற்கு இடம் எங்கே? நாலு பக்கமும் சுவர். அங்கேதான் சண்டை கொலையாகிறது.

சொந்த ஊர்க்காரர்களைச் சேர்த்தோம்

அதே தொட்டி. கணக்குப் போட்டோம். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர். ஃபைட்டர் காற்றுக் குடிக்கவும், துள்ளி வெளியே விழாமல் இருக்கவும் மேலே ரெண்டு இன்ச் விட்டால் சுமார் 47 லிட்டர். ஒரு ஃபைட்டரும் சின்னதாக ஒரு கூட்டமும் வாழ இது போதும். இதைவிடக் குறைவு என்றால் கூட்டத்தை மறந்துவிடலாம்.

தண்ணீர் நிரப்பி, ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடவிட்டு, மீனே இல்லாமல் தினம் ஒரு சிட்டிகை மீன் உணவு மட்டும் போட்டோம். அது அழுகி அமோனியா வரும், பாக்டீரியா வளரும். அஞ்சு வாரம்! டெஸ்ட் கிட்டில் சொட்டு சொட்டாக விட்டு, அமோனியாவுக்குப் பச்சையாக வந்த கலர் மஞ்சளாகும் வரை காத்திருந்தோம். மாடிக்கு வந்த ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி, "என்னப்பா, இந்த வாட்டி தண்ணிய வளக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். உண்மைதான் ஆன்ட்டி, மீன் வளர்ப்பது என்றாலே தண்ணீர் வளர்ப்பதுதான்!

அடுத்து, யாரைக் கூட விடுவது? ரூல் சிம்பிள். நீளத் துடுப்போ, பளிச் கலரோ உள்ளவன் வேண்டாம், ஃபைட்டர் அவனை இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துக்கொள்வான். கப்பி அவுட். வாலைக் கடிக்கிறவன் வேண்டாம். டைகர் பார்ப், பிளாக் விடோ டெட்ரா அவுட். ஃபைட்டரின் நெருங்கிய உறவான கௌராமி வேண்டாம், சொந்தக்காரச் சண்டைதானே ரொம்ப மோசம்! கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் பார்ட்டி, கழிவும் அதிகம். அதுவும் அவுட். ஆண் ஃபைட்டர் ரெண்டு? நினைக்கவே வேண்டாம். பெண் ஃபைட்டர்கள் சாது என்பதும் கட்டுக்கதை. அவர்களும் மோதுவார்கள்.

கடைசியில் தேறியவர்கள், ஆறு ஹார்லிகின் ராஸ்போரா, அஞ்சு கூலி லோச், ஒரு நெரைட் நத்தை. மொத்தம் ஒரு டஜன்!

ராஸ்போரா, கறுப்பு முக்கோண மச்சத்தோடு நடுத் தண்ணீரில் கூட்டமாகச் சுற்றும். சின்னத் துடுப்பு, நல்ல வேகம், வம்புக்குப் போகாது. கூட்டமாக இருந்தால்தான் அதற்குத் தைரியம், ஆறுக்குக் குறையக் கூடாது. கூலி லோச், மண்புழு சைஸில் பட்டை போட்ட பாம்பு மாதிரி இருக்கும். பகலில் மணலுக்குள் தூக்கம், ராத்திரி டியூட்டி. நம்ம பசங்க மாதிரியே! நத்தை கண்ணாடியில் பாசி தின்னும்.

இதில் என்ன அழகு என்றால், ராஸ்போராவும் கூலி லோச்சும்கூட தாய்லாந்து, மலேசியா பக்கத்து மீன்கள்தான். ஃபைட்டருக்குப் பிடிக்கிற சூடும் தண்ணீரும் அவர்களுக்கும் பிடிக்கும். மேல் மாடி ஃபைட்டருக்கு, நடு மாடி ராஸ்போராவுக்கு, தரைத்தளம் லோச்சுக்கு. ஒருத்தர் வழியில் ஒருத்தர் வர வேண்டியதில்லை.

தொட்டிக்குள் ஜாவா மாஸ், அனுபியாஸ் செடிகள், ஒரு மரத்துண்டு, உடைந்த மண் சட்டி. இந்தக் கோடியிலிருந்து பார்த்தால் அந்தக் கோடி தெரியக் கூடாது. துரத்தப்படுகிறவனுக்கு ஒரு வளைவு கிடைத்தால் போதும், துரத்துகிறவன் மறந்துவிடுவான். எங்களுக்கு ஹெச்.ஓ.டி-யைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் ஒதுங்குவோமே, அதே டெக்னிக்!

வாதாங்கொட்டை இலை ரகசியம்

கொளத்தூர் பெரியவர் சொன்ன இன்னொரு விஷயம், காய்ந்த வாதாங்கொட்டை இலை. நாட்டு பாதாம் என்றும் சொல்வார்கள். தென்கிழக்கு ஆசியாவில் ஃபைட்டர் வளர்ப்பவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவது. தானாக உதிர்ந்த பழுப்பு இலையைக் கழுவிப் போட்டால், தண்ணீர் லேசாக டீ கலருக்கு வரும். அதில் இறங்குகிற டானின், பி.ஹெச்-சைக் கொஞ்சம் குறைக்கும், கிருமிகளையும் ஓரளவு அடக்கும். வெளிச்சம் மங்குவதால் மீனுக்கும் நிம்மதி.

இதை ஆன்லைனில் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். எங்களுக்கு வீட்டுக்குப் பின்னாலேயே மரம் இருந்தது. மாணிக்கத்தைப் புதைத்த அதே மரம். அதன் இலையைப் பொறுக்கிக் கழுவும்போது யாரும் ஜோக் அடிக்கவில்லை.

நீலாம்பரி என்ட்ரி!

முதலில் ரூம்மேட்ஸை விட்டோம். ஒரு வாரம் கழித்துத்தான் ஹீரோ. முதலிலேயே ஃபைட்டரை விட்டால் மொத்தத் தொட்டிக்கும் பட்டா போட்டுக்கொள்வான். கடைசியாக வருகிறவன் கொஞ்சம் அடங்கித்தான் இருப்பான். ஹாஸ்டலில் பார்க்காததா!

புது ஃபைட்டர் கருநீலம். ஆண்தான், ஆனாலும் திமிரைப் பார்த்து 'நீலாம்பரி' என்று பேர் வைத்தோம். கவரோடு 20 நிமிஷம் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு சூடு சமமானதும், கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கவருக்குள் கலந்து, லைட்டை அணைத்துவிட்டு உள்ளே விட்டோம். பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர் ரெடி. பிரச்னை என்றால் உடனே பிரிக்க.

ரெண்டு மணி நேரம் கண் கொட்டாமல் காவல். ராஸ்போராவைப் பார்த்து ரெண்டு தடவை செவுளை விரித்தான். அவை கண்டுகொள்ளவே இல்லை. நத்தையின் கொம்பை ஒரு தடவை கொத்திப் பார்த்தான். நத்தை கதவைச் சாத்திக்கொண்டது. அப்புறம் மண் சட்டிக்குப் பக்கத்தில் ஓர் இடம் பிடித்து செட்டில் ஆகிவிட்டான். எட்டு மாசமாகிறது. இன்று வரை ஒரு வால்கூடக் கிழியவில்லை!

நடுவில் சோதனை வராமல் இல்லை. ஒருநாள் ராத்திரி ஆறு மணி நேரம் பவர் கட். ஏர் பம்ப் நின்றுபோனது. நீலாம்பரி மேலே வந்து காற்று குடித்துக்கொண்டு ஜம்மென்று இருந்தான். ராஸ்போராக்களுக்கு லேபிரிந்த் கிடையாதே! மேலே வந்து திணற ஆரம்பித்தன. ஷிஃப்ட் போட்டு டம்ளரில் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி விடிய வைத்தோம். மறுநாளே பேட்டரியில் ஓடுகிற பம்ப் வாங்கியாச்சு. மே மாசம் தண்ணீர் சூடு 32 டிகிரியைத் தொட்டபோது, தொட்டி மேல் வலையைப் போட்டு டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டோம். தண்ணீர் ஆவியாகும்போது ரெண்டு டிகிரி இறங்கிவிடும். தெர்மோடைனமிக்ஸ் படித்ததுக்கு ஒரு பிரயோஜனம்!

அந்த கறுப்பு மீன் என்னாச்சு?

டேங்க் கிளீனரை மறக்கவில்லை. வாங்கும்போது விரல் நீளம். ஆனால், வளர்ந்தால் ஒரு அடியைத் தாண்டும்! "ஏரியில விட்டுடலாம் மச்சி, பாவம் பொழச்சுப் போகட்டும்" என்றான் ஒருத்தன். பொழைக்கும்தான், அதுதானே பிரச்னை! தென் அமெரிக்காவின் இந்த மீன், இப்படி இரக்கப்பட்டு விடப்பட்டே நம்ம ஊர் நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரிய தொட்டி வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்தோம். எந்தத் தொட்டி மீனாக இருந்தாலும் சரி, ஏரி, குளம், கிணற்றில் விடவே விடாதீங்க.

கையில வெச்சுக்குங்க!

* தண்ணீர் நிரப்பி 4-6 வாரம் கழித்துத்தான் மீன். அமோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும்.

* வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீருக்கு ஆன்ட்டி குளோரின் கட்டாயம்.

* ஃபில்டர் ஸ்பாஞ்சை, எடுத்த பழைய தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். குழாயடிக்குப் போகாதீங்க.

* வேகமாகத் தண்ணீர் அடிக்கிற பவர் ஃபில்டர் வேண்டாம். நீள வாலோடு ஃபைட்டர் எதிர்நீச்சல் போட முடியாது.

* ஃபைட்டருக்கு ஒரு வேளைக்கு ரெண்டு மூணு பெல்லட், ஒரு நாளைக்கு ரெண்டு வேளை. வாரம் ஒரு நாள் விரதம்.

* மூடி அவசியம். ஃபைட்டர் நல்லா குதிப்பான்.

* நாள் முழுக்கத் துரத்தல், கிழிந்த துடுப்பு, மூலையில் பதுங்கல், சாப்பிடாமை... இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே பிரியுங்கள்.

* செம் லீவில் ஊருக்குப் போகும்போது யார் பார்த்துக்கொள்வது? இதற்குப் பதில் இல்லாமல் மீன் வாங்காதீங்க. ஃபைட்டரின் ஆயுள் சுமார் 3 வருஷம்.

தனியா இருக்கானே, பாவம்!

எங்கள் தொட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரு ஃபர்ஸ்ட் இயர் ஜூனியரும் ஆரம்பித்தான். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். வீட்டைவிட்டு வந்து ரெண்டு மாசம், தனி ரூம், இன்னும் யாரோடும் சரியாக ஒட்டவில்லை. அதே சைஸ் தொட்டி, அதே அஞ்சு வாரம், அதே செடி, அதே ராஸ்போரா. எல்லாம் பக்கா. ஃபைட்டரை விட்ட அன்று ராத்திரியே போன்.

"அண்ணா, விடாமத் துரத்துறாண்ணா. ஒரு ராஸ்போராவுக்குத் துடுப்பே போச்சு!"

ரெண்டு நாள் பார்த்தோம். செடியை இடம் மாற்றினோம், இலை போட்டோம். ஊஹூம். நீலாம்பரிக்குப் பொருந்தியது இவனுக்குப் பொருந்தவில்லை. எல்லா ஃபைட்டரும் ஒரே ஃபைட்டர் இல்லை. ஃபார்முலா சரியாக இருந்தும் ஆன்சர் வராத கணக்கு இது. கடைசியில் 20 லிட்டர் தொட்டி ஒன்று வாங்கி, பழைய தொட்டியில் ஊறின ஸ்பாஞ்சைப் போட்டு, அவனைத் தனியாக விட்டோம்.

ஜூனியருக்கு மனசே ஆகவில்லை. "தனியா இருக்கானேண்ணா... பாவம் இல்ல?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நாங்களும் மாணிக்கத்துக்கு இதே பாவத்தைத்தானே பார்த்தோம்! அவனுக்குத் துணை வேண்டும் என்று அவனா கேட்டான்? தொட்டி நிறைய மீன் ஓடினால் நமக்குப் பார்க்க நல்லா இருக்கும். தனிமை நமக்குத்தான் தாங்காது. ஃபைட்டர், தனக்கென்று ஒரு மூலை இருந்தால் போதும் என்று வாழ்கிற ஜீவன். ஒரு சிலவன் பக்கத்து வீட்டைச் சகித்துக்கொள்வான், அவ்வளவுதான். "டேய் தம்பி, தனியா இருக்கிறது அவனுக்குப் பிரச்னை இல்லடா. உனக்குத்தான். நீ சாயங்காலம் நம்ம ரூமுக்கு வந்துடு" என்றேன்.

அவனும் வர ஆரம்பித்தான். இப்போது கேரம் போர்டில் எங்களைக் காலி செய்கிறவனே அவன்தான்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் அவனிடமிருந்து ஒரு போட்டோ. தனித் தொட்டியின் மூலையில், வாதாங்கொட்டை இலைக்கு அடியில், சோப்பு நுரை மாதிரி குட்டிக் குட்டிக் குமிழ்கள். ஆண் ஃபைட்டர் தன் வாயாலேயே ஒவ்வொரு குமிழாக ஊதிக் கட்டுகிற கூடு! முட்டையைக் காப்பாற்றப் போவதும், விழுகிற முட்டையை வாயில் கவ்வித் திரும்பக் கூட்டில் வைக்கப் போவதும் அவன்தான். 'சண்டைக்காரன்' என்று உலகமே பேர் வைத்த ஆசாமி, வீட்டு வேலை பார்க்கிற அழகு!

போட்டோவுக்குக் கீழே ஜூனியர் எழுதியிருந்தான்.

'அண்ணா, வீடு கட்டிட்டான்!'